விலக்கிலிருந்து விளக்கத்திற்கு: கோஸ்போட் விமானப் பயிற்சி அணியின் வரலாறு

போர்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் போர்க்களத்தையே நோக்குவர். வென்ற தளபதிகளும் வீழ்ந்த வீரர்களும் அவர்தம் ஏடுகளிற் பேரிடம் பெறுவர். அவ்வீரர்களுக்குத் தொழில் கற்பித்த பயிற்சிக் கூடங்கள் பற்றிய செய்தி ஓரிரு வரிகளில் அடங்கிவிடும். முதலாம் உலகப் போரின் ஆகாயச் சமர்களைப் பற்றிய நூல்களும் இப்பொதுமைக்குப் புறம்பானவையல்ல. ஜேர்மனியரான றிச்தோவனையும் பிரான்சியரான கினெமரையும் அறிந்த வாசகர் பலர், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள கோஸ்போட் என்னும் சிற்றூரில் இயங்கிய பயிற்சி அணியொன்றைக் கேள்வியுற்றிரார். எனினும், இன்று உலகின் எப்பகுதியில் ஒருவர் விமானம் செலுத்தப் பழகினும், அவர் பெறும் போதனையின் முக்கிய கூறுகள் பல அவ்வணியிலேயே ஒழுங்குபெற்றன என்பது வரலாற்றுண்மை. அவ்வணி எவ்வாறு தோன்றிற்று, அது எதனை மாற்றிற்று, அம்மாற்றத்தின் உட்பொருள் யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பறப்புக் கலையும் படைத்துறையும்

1903ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆந் திகதி றைற் சகோதரர் முதன்முதலாக இயந்திர விமானத்திற் பறந்தனர். ஒன்பது ஆண்டுகள் கழியுமுன்னரே வல்லரசுகள் அக்கருவியின் இராணுவப் பயனை உணர்ந்துகொண்டன. பிரித்தானிய அரசு 1912 ஏப்பிரிலில் அரச பறப்புப் படையை நிறுவியது. அவ்வாண்டிலேயே வில்ற்சயர் மாவட்டத்து அப்பேவன் என்னுமிடத்தில் மத்திய பறப்புப் பாடசாலையும் திறக்கப்பட்டது. 1914 ஓகஸ்டிற் போர் மூண்டபோது நான்கு அணிகளே, ஏறக்குறைய 60 விமானங்களுடன், பிரான்சுக்குச் சென்றன. 1918இன் முடிவிலோ பிரித்தானிய விமானப் படையிடம் 20,000க்கு மேற்பட்ட விமானங்கள் இருந்தன. இவ்விரு எண்களையும் ஒப்புநோக்குமிடத்து, நான்கு ஆண்டுகளுக்குள் எத்துணைப் பெருந்தொகையான விமானிகளை உருவாக்க வேண்டியிருந்தது என்பது தெளிவாகும். தொழிற்சாலை ஒன்று விமானங்களை விரைந்து செய்துவிடலாம். விமானியை அவ்வாறு செய்தல் இயலாது. இவ்வுண்மையை அக்காலத்து அதிகாரிகள் மிகப் பெரும் விலை கொடுத்தே கற்றுக்கொண்டனர்.

போரின் முதலிரு ஆண்டுகளிற் பயிற்சி எவ்வாறு நிகழ்ந்தது என்பதை நோக்குதல் தகும். பயிலுநர் முதலில் மொறிஸ் பாமன் என்னும் பிரான்சிய அமைப்பிலான விமானங்களில் ஏற்றப்பட்டனர். அவை இயந்திரத்தைப் பின்புறத்தே கொண்டவை, மெதுவாகச் செல்பவை, களத்திற் பயன்பட்ட வேகமான விமானங்களோடு இயல்பில் ஒவ்வாதவை. அவற்றின் உச்ச வேகத்திற்கும், அதற்குக் கீழ்ச் சென்றால் விழுந்துவிடும் என்ற வேகத்திற்கும் இடையே இருந்த வேறுபாடு மிகச் சிறிது. தொடக்க காலத்தில் மாணவன் போதனாசிரியரின் பின்னே அமர்ந்து, அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கட்டுப்பாட்டுக் கோலைத் தொட்டுப் பழகினான். பின்னர் இரட்டைக் கட்டுப்பாடு பொருத்தப்பட்டபோதும் நிலைமை பெரிதுந் திருந்தவில்லை. இயந்திரத்தின் இரைச்சலில் ஆசிரியரின் சொல் மாணவனின் செவிக்கு எட்டாது. இயந்திரத்தைத் தணித்துவிட்டுக் கூவுதலும், முதுகிலே தட்டுதலும், கைச்சைகை காட்டுதலுமே போதனையின் சாதனங்களாக விளங்கின. காற்று அடங்கியிருக்கும் வைகறையிலும் மாலையிலுமே பறத்தல் வழக்கம். இவ்வாறு ஓரிரு மணித்தியாலம் பழகியதும் மாணவன் தனியே அனுப்பப்பட்டான். ஒருமுறை தனித்துப் பறந்துவிட்டால், அதன்பின் ஆசிரியர் அவனுடன் அமர்ந்து பறக்கும் வழக்கம் இல்லை. எஞ்சியதை அவன் தானே கண்டறிய வேண்டும். கண்டறியுமுன் இறந்துவிடாதிருக்கவும் வேண்டும்.

போதனாசிரியரின் நிலையும் இரங்கத்தக்கதாகவே இருந்தது. களத்திலே களைப்புற்று ஓய்வுக்காக அனுப்பப்பட்டோரும், களத்துக்கு வேண்டாதோருமே பெரும்பாலும் அப்பணிக்கு அமர்த்தப்பட்டனர். கற்பித்தல் எனும் தொழிலுக்கு அவர்களுக்குப் பயிற்சி எதுவும் அளிக்கப்படவில்லை. அவர்கள் தம் மாணவரை 'ஹூணர்' என்று அழைத்தனர். அது ஜேர்மனியரைக் குறித்து அன்று வழங்கிய இகழ்ச்சிப் பெயர். பகைவரிலும் மாணவரே பிரித்தானிய விமானங்களை மிகுதியாக நொறுக்குகின்றனர் என்பது அப்பெயரின் உட்கிடை. நகைச்சுவையாகத் தோன்றும் இவ்வழக்கின் பின்னே அச்சமும் நம்பிக்கையீனமும் மறைந்து கிடந்தன.

சுழல்வீழ்ச்சி என்னும் புதிர்

மாணவரைக் கொன்றது யாது? காரணங்கள் பலவாயினும், அவற்றுள் ஒன்று தனித்துக் குறிப்பிடத்தக்கது. விமானத்தின் இறக்கை காற்றை ஒரு குறித்த கோணத்திற் சந்திக்கும்போது உயர்த்தும் விசை பிறக்கின்றது. வேகங் குறையுமிடத்து, உயரத்தைக் காக்க விரும்பும் விமானி விமானத்தின் முகப்பை மேலும் மேலும் நிமிர்த்துவான். அக்கோணம் ஓர் எல்லையைக் கடந்ததும், இறக்கையின் மேற்புறத்தைத் தழுவியோடிய காற்று பிரிந்து குலைய, உயர்த்தும் விசை சடுதியிற் குன்றிவிடும். ஓர் இறக்கை மற்றையதிலும் முந்தி இந்நிலையை அடையுமாயின், விமானம் அப்பக்கஞ் சாய்ந்து, முகப்புக் கீழாகத் திருகுபோற் சுழன்று வீழும். இதுவே சுழல்வீழ்ச்சி. வீழ்கின்ற மனிதனின் இயல்பூக்கம் கோலைத் தன்பால் இழுத்து முகப்பை உயர்த்தவே தூண்டும். அச்செயல் இறக்கையின் கோணத்தை மேலும் மிகுவித்து, அவனை வீழ்ச்சியினுள்ளேயே நிறுத்திவைக்கும். சுழலுக்கு எதிர்ப்புறமாகச் சுக்கானை மிதித்து, கோலை முன்னே தள்ளினால் மட்டுமே மீட்சி உண்டு. நிலத்தை நோக்கி வீழ்பவன் நிலத்தை நோக்கியே கோலைத் தள்ள வேண்டும் என்பதை எவரும் தாமாக ஊகித்தல் அரிது. கற்பித்தாலன்றி வாராத அறிவு இது.

இவ்வறிவு அக்காலத்தில் முற்றாக இல்லாதிருந்ததெனவும் கூறமுடியாது. 1912 ஓகஸ்ட் 25ஆந் திகதி, சோல்ஸ்பரிச் சமவெளிக்கு மேலே, வில்பிரட் பாக் என்னும் கடற்படை லெப்டினன்ற் அவ்றோ விமானமொன்றிற் சுழல்வீழ்ச்சிக்குட்பட்டார். வழமையான முயற்சிகள் யாவும் பயனற்றுப்போக, இறுதியிற் சுக்கானை எதிர்ப்புறம் திருப்பினார். நிலத்துக்கு மிக அண்மையில் விமானம் நேரானது. கீழே நின்று கண்டோர் பலர். நிகழ்ந்தது என்னவென அவர் விளக்கமாகத் தெரிவித்தார். அது பத்திரிகைகளிலும் ஆராயப்பட்டது. ஆயினும் நான்கு மாதத்துள் அவர் வேறொரு விபத்தில் உயிரிழந்தார். போர்க்காலத்திலே பாண்பறோவிலிருந்த அரச விமானத் தொழிற்சாலையின் விமானிகளும் அறிவியலாளரும் சுழல்வீழ்ச்சியை மீண்டும் முறையாக ஆராய்ந்து, மீட்சியின் வழியை உறுதிப்படுத்தினர். எனினும் அறிஞர் கண்ட உண்மைக்கும் மாணவன் கற்ற பாடத்துக்கும் இடையே ஒரு பெரும் பள்ளம் இருந்தது.

அப்பள்ளத்தின் பெயர் விலக்கு எனலாம். ஆபத்தான அசைவுகளைத் தடைசெய்தலே ஆபத்தினின்று காக்கும் வழி என அக்காலத்துப் படைத்துறையினர் எண்ணினர். இவ்வெண்ணம் பிரித்தானியர்க்கு மட்டும் உரியதன்று. 1913இல் ரஷ்யாவைச் சேர்ந்த நெஸ்ரெறொவ் என்னும் அதிகாரி கீவ் நகரில் உலகிலேயே முதன்முறையாக விமானத்தை நிலைக்குத்து வட்டத்திற் செலுத்திக் காட்டினார். அரச உடைமையை ஆபத்துக்குட்படுத்தினார் என்னும் குற்றத்தின் பேரில் அவர் காவலில் வைக்கப்பட்டார். பிரான்சியரான பெகு அதே அசைவைச் செய்து புகழ்பெற்ற பின்னரே அவருக்குப் பதவியுயர்வு கிடைத்தது. விமானம் விலையுயர்ந்தது, ஆகவே வித்தை காட்டாதே என்பது அன்றைய நீதி. அந்நீதியைப் பின்பற்றிய மாணவன், தான் ஒருபோதும் செய்து பாராத அசைவினுள் ஒருநாள் தற்செயலாக அகப்பட்டான். அந்நாளே அவனுக்கு இறுதி நாளாயிற்று.

ஸ்மித்-பரியின் அனுபவம்

இந்நிலையை மாற்றியவர் றொபேட் ஸ்மித்-பரி. 1886இற் பிறந்த இவர் அயர்லாந்தின் நிலவுடைமைக் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். மத்திய பறப்புப் பாடசாலையின் முதலாவது பயிற்சித் தொகுதியிற் கற்றவர். 1914 ஓகஸ்டில் ஐந்தாம் இலக்க அணியுடன் பிரான்சுக்குச் சென்றபோது, பெரோன் நகருக்கருகில் அவருடைய விமானம் வீழ்ந்து நொறுங்கியது. உடன் சென்றவர் இறந்தார். ஸ்மித்-பரியின் கால்கள் முறிந்தன. அன்றுமுதல் இறுதிவரை அவர் நொண்டியே நடந்தார். விமான விபத்து என்பது அவருக்கு அறிக்கைகளிற் படித்த செய்தியன்று. தம் உடம்பிற் சுமந்த உண்மை.

1916 யூலையிற் சொம் நதிச் சமர் தொடங்கியபோது அவர் அறுபதாம் இலக்க அணியிற் பணிபுரிந்தார். சமரின் மூன்றாம் நாளில் அணித்தலைவர் கொல்லப்பட, ஸ்மித்-பரி அப்பொறுப்பை ஏற்றார். இழப்பு மிகுந்தமையால், ஒரு மாதத்தின் பின் அவ்வணி ஓய்வுக்காகக் களத்தினின்று விலக்கப்பட்டது. இறந்தோருக்குப் பதிலாக இங்கிலாந்திலிருந்து வந்துசேர்ந்த இளைஞரைக் கண்டு அவர் திடுக்குற்றார். அவருட் சிலர் ஏழு மணித்தியாலமே பறந்தவர்கள் எனவும், அத்தகையோரைப் பகைவர் எல்லைக்குள் அனுப்புதல் கொலைக்கு ஒப்பாகும் என அவர் மேலிடத்துக்கு எடுத்துரைத்தார் எனவும் கூறப்படுகின்றது. அவ்வாண்டின் பிற்பகுதியிற் பயிற்சி முறையைக் கண்டித்தும் மாற்று வழியைக் காட்டியும் அவர் தலைமைப்பீடத்துக்குக் கடிதங்கள் எழுதினார். பிரான்சிலிருந்த பறப்புப் படையின் தளபதி ட்றெஞ்சாட் அவற்றைப் புறக்கணிக்கவில்லை. குறை கூறியவரையே அக்குறையைத் திருத்துமாறு பணித்தார். 1916 டிசெம்பரிற் கோஸ்போட்டிலிருந்த முதலாம் இலக்க ஒதுக்கு அணியின் தலைமை ஸ்மித்-பரிக்கு வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது முப்பது.

கோஸ்போட்டில் நிகழ்ந்த மாற்றம்

கோஸ்போட், போட்ஸ்மத் துறைமுகத்தின் எதிர்க்கரையில் உள்ளது. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கட்டப்பட்ட கிரேஞ்சுக் கோட்டையை ஒட்டிய திடலே அணியின் விமானத் தளமாயிற்று. ஸ்மித்-பரி அங்கே புகுத்திய மாற்றங்களைத் தனித்தனியே நோக்கின், அவை எளியனவாகவே தோன்றும். ஒன்றிணைத்து நோக்கினாற்றான் அவற்றின் பெருமை புலப்படும்.

முதலாவது, இருக்கை பற்றியது. தனித்துப் பறக்கும்போது விமானி எவ்விருக்கையில் அமர்வானோ அவ்விருக்கையிலேயே முதல் நாள்தொட்டு மாணவன் அமர்த்தப்பட்டான். ஆசிரியர் மற்றைய இருக்கைக்கு மாறினார். இதனால் மாணவன் கண்ட காட்சியும் கைக்கொண்ட கருவியும் இறுதிவரை மாறாதிருந்தன. இரண்டாவது, இரட்டைக் கட்டுப்பாட்டுடனான போதனை. அது முதல் தனிப் பறப்போடு நின்றுவிடாது, பயிற்சி முடியும்வரை இடையிடையே தொடர்ந்தது. தனியே பறந்து தவறிழைத்த மாணவன் மீண்டும் ஆசிரியருடன் ஏறி, அத்தவறின் காரணத்தை அறிந்துகொண்டான். மூன்றாவது, பேச்சு. றப்பர்க் குழாயொன்றின் ஒரு முனையில் ஆசிரியர் பேச, மறுமுனை மாணவனின் தலைக்கவசத்திற் செவியருகே பொருத்தப்பட்டது. மருத்துவர் நெஞ்சிற் வைத்துக் கேட்கும் கருவியை ஒத்த இவ்வெளிய சாதனம் ஊரின் பெயராலேயே 'கோஸ்போட் குழாய்' என வழங்கலாயிற்று. செயல் நிகழும் அக்கணத்திலேயே விளக்கமும் செவிக்கு எட்டியமை போதனையின் இயல்பையே மாற்றிவிட்டது.

நான்காவது மாற்றமே எல்லாவற்றிலும் முக்கியமானது. ஆபத்தான அசைவுகள் விலக்கப்படாமற் பாடமாக்கப்பட்டன. போதிய உயரத்தில், ஆசிரியர் உடனிருக்க, மாணவன் விமானத்தை வேண்டுமென்றே சுழல்வீழ்ச்சிக்குட்படுத்தினான், பின்னர் மீட்டான். செங்குத்தான திருப்பம், குறுக்குக் காற்றில் ஏறுதலும் இறங்குதலும், இயந்திரம் நின்றபோது தரையிறங்குதல் என்பனவெல்லாம் பயிற்சியின் அங்கங்களாயின. மேலெழுந்த சிறிது நேரத்தில் இயந்திரம் நின்றுவிட, திடலுக்குத் திரும்ப முயன்று, வேகமிழந்து, சுழன்று வீழ்ந்தோர் அக்காலத்திற் பலர். அவர்களுக்கு 'திரும்பாதே' என்ற கட்டளை மட்டும் போதாது. திரும்பினால் என்ன நிகழும், ஏன் நிகழும் என்பதை உயரத்திலே ஒருமுறை கண்டவன், தாழ்விலே அக்கட்டளையை மறவான். ஒவ்வோர் அசைவும் எக்காரணத்தால் எவ்விளைவைத் தருகின்றது என்பதை மாணவன் அறிந்துகொண்டால் அச்சம் தானாகவே அகலும் என்பது ஸ்மித்-பரியின் கொள்கை. அவர் மாணவரைத் துணிச்சற்காரர் ஆக்க முனைந்தார் எனச் சிலர் கருதினர். உண்மையில் அவர் வளர்க்க விரும்பியது அறிவின்வழி வந்த நம்பிக்கையையே.

இம்முறைக்கு ஏற்ற விமானமும் வாய்த்தது. அவ்றோ 504 என்பது 1913இல் முதன்முதற் பறந்தது. 1914 நவெம்பரில் ஜேர்மனியின் பிறீட்றிச்சாபன் நகரிலிருந்த ஆகாயக் கப்பற் கூடத்தின்மீது குண்டு வீசியவை இவ்வகை விமானங்களே. போர் விமானமாக அது விரைவிற் பழமையடைந்தது. ஆயினும் அதன் 504ஜே வடிவம் பயிற்சிக்கு மிகப் பொருத்தமாயிற்று. கையசைவுக்கு உடனே இணங்கும். தவறு செய்தால் மறைக்காது காட்டும். ஆயின் அத்தவறுக்காகக் கொல்லாது. அதன் சுழல் இயந்திரம் களத்திலிருந்த வேட்டை விமானங்களின் இயந்திரங்களை ஒத்திருந்தமையாற் பயிற்சியினின்று களத்துக்குச் செல்லும் பாதையும் எளிதாயிற்று. போர்க்காலத்தில் மட்டும் 8,000க்கு மேற்பட்ட அவ்றோ 504 விமானங்கள் செய்யப்பட்டன.

பரவலும் பயனும்

கோஸ்போட்டிற் புதிய முறை வேரூன்றிக்கொண்டிருந்த வேளையிற் களத்தின் நிலை மோசமடைந்தது. 1917 ஏப்பிரிலில், அறாஸ் சமரின்போது, அரச பறப்புப் படை ஒரே மாதத்தில் 245 விமானங்களையும், 300க்கு மேற்பட்ட விமானிகளையும் அவதானிகளையும் இழந்தது. அம்மாதத்தை 'குருதி தோய்ந்த ஏப்பிரில்' என வரலாற்றாசிரியர் அழைப்பர். ஜேர்மன் விமானங்களின் தொழினுட்ப மேம்பாடு இதற்கொரு காரணம். இருபது மணித்தியாலமும் பறவாத இளைஞர் களத்துக்கு அனுப்பப்பட்டமை மற்றொரு காரணம். பயிற்சியைச் சுருக்குதல் நேரத்தை மிச்சப்படுத்தும் என்ற கணக்கு எத்துணைப் பிழையானது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1917 மே மாத இறுதியில் ஒதுக்கு அணிகள் யாவும் பயிற்சி அணிகள் எனப் பெயர்மாற்றம் பெற்றன. ஓகஸ்டிற் கோஸ்போட்டிலிருந்த அணிகள் ஒன்றிணைக்கப்பட்டு, ஸ்மித்-பரியின் தலைமையிற் சிறப்புப் பறப்புப் பாடசாலையாயின. இப்பாடசாலையின் முதற்பணி போதனாசிரியரை உருவாக்குதல். ஆசிரியரைத் திருத்தாது மாணவரைத் திருத்தவியலாது என்பதை உணர்ந்து, அதன்படி ஒரு நிறுவனத்தையே அமைத்தமை இவ்வரலாற்றிற் பெரிதும் போற்றத்தக்க அம்சமாகும். பல அணிகளிலிருந்தும் போதனாசிரியர் அங்கே வந்து, தாமே மாணவராகி, தம் தவறுகளைக் களைந்து திரும்பினர். போதிக்கும் முறை சிறு கைந்நூலாகவும் அச்சிடப்பட்டது. 1918இல் யோர்க்சயரின் றெட்காரில் இரண்டாவது சிறப்புப் பாடசாலை தோன்றியது. அவ்வாண்டிலேயே கனடாவின் ரொறன்ரோ நகருக்கருகே ஆமர் ஹைற்ஸ் என்னுமிடத்திலும் இம்முறையில் ஆசிரியர் பயிற்சி தொடங்கிற்று. களத்துக்குச் சென்ற புதிய விமானிகளின் பறப்பு மணித்தியாலங்களும் போரின் கடைசி ஆண்டிற் பெரிதும் உயர்ந்தன.

இவ்வெற்றியை மிகைப்படுத்துதலும் தகாது. சுழல்வீழ்ச்சியின் மீட்சியை ஸ்மித்-பரி கண்டுபிடிக்கவில்லை. இரட்டைக் கட்டுப்பாடும் அவர் ஆக்கியதன்று. பிறர் கண்டவற்றைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, போதனை முறையாக்கியமையே அவர் பணி. அன்றியும், மாணவர் இறத்தல் போர் முடியும்வரை முற்றாக நின்றதில்லை. கோஸ்போட்டில் நன்கு பழகியவன் சுழல் இயந்திரம் பூண்ட சொப்வித் கமல் போன்ற கடினமான விமானத்தின் முன் மீண்டும் புதியவனே. முறை நன்றாயினும், அதனைக் கற்பிக்க வல்லோர் எங்கும் போதிய அளவில் இருந்தாரல்லர். இன்னுமொன்றும் உண்டு: கல்வி என்ற நோக்கிற் சிறந்ததாகிய இம்முறை, திறமையாகக் கொல்வதற்கும் கொல்லப்படுவதற்குமே அவ்விளைஞரை அணியஞ் செய்தது. பயிற்சித் திடலிற் காக்கப்பட்ட உயிர்கள் பல சில வாரங்களின் பின் பிளாண்டர்சின் வானத்திற் கழிந்தன. இம்முரண்பாட்டை மறந்து புகழ்பாடுதல் வரலாறாகாது.

முடிவுரை

1918 ஏப்பிரில் முதலாந் திகதி அரச விமானப் படை தோன்றியபோது கோஸ்போட் முறை அதன் பொதுமுறையாகிக் கொண்டிருந்தது. 1920இல் மத்திய பறப்புப் பாடசாலை அப்பேவனிற் போதனாசிரியர்க்குரிய நிலையமாக மீள அமைக்கப்பட்டபோது, அம்மரபே அங்கு நிலைபெற்றது. அவ்றோவின் பின்வந்த வடிவங்கள் அடுத்த பத்தாண்டு முழுவதும் பயிற்சிக்குப் பயன்பட்டன. இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்கப் பயிற்சி விமானங்களிலும் பேசுங்குழாய் அவ்வாங்கிலேயச் சிற்றூரின் பெயராலேயே அறியப்பட்டது. உலகின் விமானப் படைகளுக்குப் பறக்கக் கற்பித்தவர் ஸ்மித்-பரியே என ட்றெஞ்சாட் பாராட்டியதாகக் கூறுவர். ஆயினும் 1949இல் அவர் தென்னாபிரிக்காவிற் காலமானபோது அவரை நினைவுகூர்ந்தோர் சிலரே.

கோஸ்போட் அணியின் வரலாறு விமானத்துறைக்கு வெளியேயும் சிந்திக்கத்தக்கது. கற்போனை ஆபத்தினின்று காக்க இரு வழிகள் உள. ஒன்று, அதனை அவன் கண்ணில் படாது மறைத்து, அணுகாதே என ஆணையிடுதல். மற்றையது, அறிந்தவர் ஒருவர் அருகிருக்க, அதன் காரணத்தையும் மீட்சியையும் அவனே கண்டு தெளியச் செய்தல். முதல்வழி ஆசிரியருக்கு எளிது. இரண்டாவது வழியில் ஆசிரியரும் மாணவனோடு அதே விமானத்தில் அமர்ந்து, அதே வீழ்ச்சிக்குட்பட வேண்டும். கோஸ்போட்டின் போதனாசிரியர் நாள்தோறும் அதனைச் செய்தனர்.